டிவிக்குக் குளிரெடுத்த வருஷம்

சத்தத்தை மட்டும் வைத்துச் சொன்னால் அது பல்லிதான். டக், டக், டக் என்று மூன்று, கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக், டக். சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த எங்கள் வீட்டில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்தில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் அம்மா, கண்ணைத் திறக்காமலே, "பல்லி சொல்லுதுடா, எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். "தெக்குப் பக்கம்மா" என்பேன். "நல்லதா, கெட்டதா?" என்பாள். சுவரில் தொங்கிய காலண்டரின் பின்னட்டையில் பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். நான் எழுந்துபோய்ப் படிப்பதுபோல் அட்டையைச் சரசரவென்று ஆட்டிவிட்டு, "சுப செய்தி வருமாம்மா" என்பேன். அம்மா நிம்மதியாகத் திரும்பிப் படுப்பாள். தெற்கு அறையில், இரண்டு அலுமினிய ஊசிகளைக் கையில் பிடித்தபடி, என் அக்கா செல்வி சிரிப்பு வெளியே வராமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் தெருவுக்கு மூன்றாவதாக டிவி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அது வந்த வருஷம் நடந்தது இது. எனக்குப் பதினாறு வயசு. ஒன்பதாவதில் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்த வகுப்புக்கும் எனக்கும் ஒத்துவராது என்று எழுந்து வந்துவிட்டவன். காலையில் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவேன். மீதி நேரமெல்லாம் வாய்தான் வேலை செய்யும். போகிறவர் வருகிறவர் யாரையும் விட்டதில்லை. "உன் வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சி தரச் சொல்லணும்டா" என்று அம்மா சொல்வாள். செய்து தந்திருக்கலாம்.

அக்கா என்னைவிட ஏழு வயசு பெரியவள். கோவிலம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவர்களும் எங்களைப் போல ஒரு காலத்தில் நெல் விதைத்தவர்கள். நிலத்தில் பாதியை மனைக்கட்டாக விற்று ஒரு லாரி வாங்கியிருந்தார்கள். மாமா அந்த லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் வர இருபது நாள் ஆகும். முதல் குழந்தை அக்காவுக்கு நான்காம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதனால் இரண்டாவது உண்டானதும், பஸ்ஸில் ஏறி இறங்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, வளைகாப்புக்கு முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாமா ஒரு முறை திரும்பி வந்தபோது வெள்ளை வெளேரென்று எட்டு உருண்டை கம்பளி நூல் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் 'ஊலு'. கல்யாணத்துக்கு முன் அக்கா தாம்பரத்தில் தையல் கிளாஸ் போனவள், அங்கே ஸ்வெட்டர் போடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அவள் போட நினைத்தது ஸ்வெட்டர் இல்லை. நான் பழைய பேப்பர் கடையிலிருந்து நடிகை படம் பார்க்கத் தூக்கிவந்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில், வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று ஒரு சால்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சால்வை முழுக்க இலை இலையாக ஓட்டைகள். சிலந்திக்குப் பொறுமையும் படிப்பும் இருந்திருந்தால் அப்படி ஒன்று பின்னியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழித்து அக்கா தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதையும் வாங்க மாட்டார்கள், தைக்க மாட்டார்கள், பேர்கூட யோசிக்க மாட்டார்கள். பிறந்த பிறகும் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவார்கள். வரப்போவதற்கு முன்கூட்டியே புதுசு செய்து வைத்தால் வருவது வராமல் போய்விடும் என்று பயம். அதனால் அக்கா அம்மாவிடம், "டிவிக்கு கவர் போடறேம்மா" என்று சொன்னாள்.

"டிவிக்கு எதுக்குக்கா ஊலு கவரு? அதுக்கு ஜொரமா?" என்று நான் கேட்டேன்.

"வாய மூடுடா" என்றவள், அம்மா அடுப்படிக்குப் போனதும் மெதுவாகச் சொன்னாள்: "போனதுக்கு ஒண்ணுமே செய்யலடா குமாரு. ஒரு துணிகூட இல்ல. இருந்துச்சுன்னு காட்ட ஒரு அடையாளம் கூட இல்ல. இதுக்காவது இதுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் "டிவி நல்லபடியா பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் பின்னும் முறை என்று போட்டிருந்தது இங்கிலீஷும் இல்லை, கணக்கும் இல்லை. இரண்டும் சேர்ந்து செய்த சதி. ஒரு எழுத்து, ஒரு எண், ஒரு எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம். அக்கா பத்தாவது பாஸ். நான் எந்த லட்சணம் என்று சொல்லிவிட்டேன். நட்சத்திரம் வெறும் அழகுக்குப் போட்டது என்று நான் அடித்துச் சொன்னதை நம்பி மூன்று நாள் பின்னியதில், இலைக்குப் பதில் பூரான் மாதிரி ஏதோ ஊர்ந்தது. நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரம் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்று அக்காதான் கண்டுபிடித்தாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பேர் வைத்தோம். சாதாரணமாகப் போடுவது 'நேர்', நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டை விடுவது 'சுத்து', ஊசியில் நிற்கும் நூல் வளையங்களில், அதாவது கண்ணிகளில், இரண்டை ஒன்றாக்குவது 'சேர்'. ஒரு 'சுத்து' போட்டால் பக்கத்திலேயே ஒரு 'சேர்' வர வேண்டும், இல்லையென்றால் கணக்கு இடிக்கும். இருபத்து நாலு வரி முடிந்தால் ஒரு இலை வரிசை. பன்னிரண்டு இலை வரிசை முடிந்தால் சால்வை. எல்லாவற்றையும் அக்கா என் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டில் சரியான கணக்கு ஏறியது அப்போதுதான்.

ஒரு கண்ணி நழுவினால் அது கீழே கீழே ஓடி மூன்று இலையைத் தின்றுவிடும். சாதா பின்னல் என்றால் எடுத்துக் கோத்துவிடலாம். இதில் ஓட்டை எது, நழுவல் எது என்றே தெரியாது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பிரிப்பாள், மறுபடி போடுவாள். தாம்பரம் வெயிலில் மடிமேல் கம்பளியும் வயிற்றில் பிள்ளையுமாக, கழுத்து வழியே வேர்வை ஓட ஓட, ஆறு இலை வரிசை முடித்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி அக்காவை உட்காரவைத்திருந்தார்கள். வளையல் சத்தம் வயிற்றுக்குள்ளே கேட்கும், அதைக் கேட்டுக்கேட்டுத்தான் பிள்ளை வளரும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அக்காவின் மாமியார், நல்ல வாட்டசாட்டமான மனுஷி, டிவியைப் பார்க்கப் போனவர் பக்கத்துக் கூடையிலிருந்து ஊசியோடு அதை எடுத்துவிட்டார்.

"இன்னா செல்வி, சோக்கா கீதே! இன்னாது இது?"

"டிவி கவரு அத்தை."

கூடம் நிறையக் கூட்டம். அத்தனை பேரும் சிரிக்கக் காத்திருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. "ஆமா அத்தை, எங்க டிவிக்குக் குளுருதாம். ரெண்டு மாசம் போனா குவா குவான்னு கத்தும் பாருங்க!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதை டிவிமேல் விரித்துப் பார்த்தார். அகலம் டிவியைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்கியது. அவர் சிரிப்பு அப்போது நின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை; நான் பாயசம் கேட்டுப் போய்விட்டேன்.

கலந்த சாதம் சாப்பிட்டு எல்லோரும் வேனில் ஏறிய பிறகு மாமியார் மட்டும் திரும்பி உள்ளே வந்தார். சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் என் மனசு இத்தனை வருஷம் அறுத்திருக்காது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போன தபா பட்டது போதும் கண்ணு. எனக்கு பயமா கீது. பொறக்கட்டும், நானே வந்து மடியில புள்ளய வெச்சிக்கினு ஒக்காந்துக்கறேன், நீ எத்தினி வேணாலும் போடு. இப்ப வேணாம். பிரிச்சிடு கண்ணு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

அக்கா அதை மடிமேல் இழுத்துக்கொண்டாள். ஊசியை உருவினாள். நூலின் நுனியை மாமியார் கையில் கொடுத்தாள். அவள் பிரிக்கப் பிரிக்க அவர் உருண்டையாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். மூன்று மாதம் போட்டது, வேன்காரன் இரண்டு முறை ஆரன் அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் புதுக் கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

மூன்று நாள் அக்கா என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். பேசாதவளை என்ன செய்வது? பிரித்த நூல் உருண்டைக்குள்ளே இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது. நான்காம் நாள் நானே அதைப் பெரிய வளையமாகச் சுற்றி, சீயக்காய்த் தண்ணீரில் அலசி, மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டு, சுருக்கம் போக அடியில் ஒரு தண்ணீர்ச் சொம்பைக் கட்டினேன். நனைந்த ஆட்டு வாசனை மாடி முழுக்க அடித்தது. காய்ந்ததும் கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன்.

"மறுக்கா போடுக்கா."

"வேணாம்டா. அத்தை பயப்படறாங்க."

"அதெல்லாம் சொம்மா கதைக்கா. சாமி இன்னா, வூடு வூடா வந்து யாரு ஊலு போடறான்னா பாத்துகினு கீது? நான் காவலுக்கு ஒக்காந்துக்கறேன். அம்மா தூங்கசொல்ல போடு."

அவள் வெகுநேரம் நூலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "நோட்ட எடு" என்றாள்.

இப்படித்தான் எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரில் பல்லி குடிவந்தது. ஊசிச் சத்தத்தைப் பல்லி ஆக்கிவிடலாம், வளையல் சத்தத்தை என்ன செய்வது? அக்கா பள்ளிக்கூடம் போன காலத்து ரிப்பன் ஒன்றை எடுத்து, இரண்டு கை வளையல்களையும் முழங்கைப் பக்கம் தள்ளி இறுக்கிக் கட்டிவிடுவேன். அவள் பின்னுவாள். நான் நோட்டைப் பார்த்து மெல்லிய குரலில் படிப்பேன். சும்மா படித்தால் நான் எப்படி நானாவேன்? எலக்ட்ரிக் ரயில் நிலையங்களை நடுவில் சொருகுவேன். "நேர் மூணு, சுத்து, சேர், சானடோரியம், நேர் ஒண்ணு, குரோம்பேட்டை, சுத்து, சேர், பல்லாவரம் எறங்குறவங்கல்லாம் எறங்கு." சில நேரம் வேண்டுமென்றே ஒரு கண்ணியைத் தப்பாகப் படிப்பேன். அடுத்த நொடி ஊசியின் பின்மண்டை என் தலையில் டொக்கென்று விழும். ஒரு முறைகூட அவள் ஏமாந்ததில்லை. முகத்தைப் பார்த்தால் வேறு எங்கோ இருப்பாள், காது மட்டும் கணக்கில் இருக்கும். இரண்டாம் முறை கை தானாக ஓடியது. ஒன்பதாம் மாதம் தொடங்கியபோது பதினோராவது இலை வரிசையில் இருந்தோம்.

அந்த மாதத்தில் ஒரு நாள் அவள் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. இருந்தாலும் அம்மா கண் அயர்ந்ததும் வழக்கம்போல் உட்கார்ந்தாள். இருபத்தோராவது வரி. நான் சானடோரியம் சொன்னேன், குரோம்பேட்டை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சரி, எழுப்பிவிடுவோம் என்று, 'நேர்' மட்டுமே வர வேண்டிய இடத்தில் "சுத்து, சேர்" என்று படித்தேன். தலையைக் குனிந்து அடிக்குக் காத்திருந்தேன். விழவில்லை. அவள் கை நான் சொன்னதை அப்படியே போட்டுவிட்டுப் போனது. இலைக்கு நடுவில் இருக்கக் கூடாத ஒரு ஓட்டை.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாளைக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டேன். வரி முடிந்ததும் அக்கா ஊசியைக் கீழே வைத்து, ரிப்பனைத் தானே அவிழ்த்து, இரண்டு கையையும் வயிற்றுக்கு நேரே கொண்டுபோய் வளையல்களை வேகமாகக் குலுக்கினாள். நிறுத்தினாள். மறுபடி குலுக்கினாள்.

"இன்னாக்கா பண்ற? அம்மா முழிச்சிக்கும்" என்றேன்.

உள்ளங்கையை வயிற்றில் அழுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மாவ எழுப்புடா" என்றாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் காலையில் பிள்ளை பிறந்தது. ஆண். அழவில்லை. உள்ளேயே ஒரு நாளாக உயிர் இல்லை என்றார்கள். மாமா லாரியோடு எங்கேயோ வடக்கே இருந்தார். "வூட்டுக்குப் போய் வெள்ளத்துணி எதுனா எடுத்தாடா" என்று, வேலையிலிருந்து நேரே வந்திருந்த அப்பா என்னை அனுப்பினார்.

சைக்கிளில் வந்து தெற்கு அறை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலாகவே இருந்தது, வெள்ளையாக, மெத்தென்று, அவனுக்கென்றே போட்டது. கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அது இன்னும் ஊசியில் இருந்தது. ஊசியை உருவினால் பிரிந்துவிடும். ஊசியோடு எப்படிச் சுற்றுவது? கண்ணியை அடைத்து முடிக்க எனக்குத் தெரியாது. நான் படிக்கத்தான் தெரிந்தவன். பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு அப்பாவின் பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழக்கப்படியே ஆனது.

வளைகாப்பு வளையல்களை அக்கா ஆஸ்பத்திரியிலேயே கழற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமியார் இரண்டு முறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். நாங்கள் மறுபடி ஆரம்பித்தது அவருக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். சாமி வீடு வீடாக வந்து பார்க்காது என்று சொன்னவன் நான் என்பதும் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் அவள் எழுந்து பெட்டியைத் திறந்தாள். "நோட்ட எடு" என்றாள். கட்டுவதற்கு வளையல் இல்லை. நான் நிலையம் எதையும் சேர்க்காமல், பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படிக்காத மாதிரி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி முடிந்ததும் விரலை நோட்டில் வைத்து நிறுத்தினேன்.

"அக்கா, அன்னிக்கி நான் தப்பா படிச்சிட்டேன். இருபத்தோராவது வரில."

"தெரியும். அப்பறமா பாத்தேன்."

"அன்னிக்கே ஏங்க்கா அடிக்கல?"

"நீ படிச்சதே காதுல வுழலடா. காலைலேர்ந்து உள்ள அசையுதா அசையுதான்னு அதையே கேட்டுகினு இருந்தேன். கை பாட்டுக்குப் போட்டுச்சி."

நான் நோட்டை மூடினேன். "அதுவரைக்கும் பிரிச்சி சரியா போட்டுடலாம்க்கா. மூணு வரிதான்."

"வேணாம், அது இருக்கட்டும்" என்றாள். அந்த ஓட்டையில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தாள். "அவன் இருந்ததுக்கு இது ஒண்ணுதான் கீது."

பன்னிரண்டு இலை வரிசையும் முடித்து, கண்ணியை அடைத்து, அலசி, மாடியில் நான்கு பக்கமும் கல் வைத்து இழுத்துக் காயப்போட்டாள். அன்று சாயங்காலம் அவளே கொண்டுவந்து டிவிமேல் போட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்போல. இரண்டு பக்கமும் தரை வரை தொங்கியது. முன்னால் திரையை முழுசாக மூடியது. அம்மா வந்து பார்த்தாள். ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "நல்லா கீது" என்றாள். அடுப்படிக்குத் திரும்பும்போது, என்னைப் பார்க்காமல், "அந்தத் தெக்குச் செவுத்துப் பல்லி இப்பல்லாம் சொல்றதேயில்ல, இல்லடா?" என்றாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை பாட்டுப் பார்க்க வரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் "இவ்ளோ பெருசாவா போடுவாங்க டிவிக்கு?" என்று கேட்டால், யாரையும் விடாத என் வாய் ஒன்றும் சொல்லாது. மாமியார் வரும்போதெல்லாம் டிவி போடுவதற்கு முன் அவரே எழுந்து அதைப் பூப்போல எடுத்து நான்காக மடித்து மடியில் வைத்துக்கொள்வார். படம் முடிகிற வரை கீழே வைக்க மாட்டார். அகலத்தை ஒரு முறை விரித்துப் பார்த்தவராயிற்றே, அது எதற்குப் போட்டதென்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிற்பாடு அக்காவுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டு முறையும் பிறக்கும் முன் ஒரு நூல்கூட வாங்கவில்லை. இரண்டு பேரையும் பழைய வேட்டியில்தான் வாங்கினோம். அந்தச் சால்வை டிவிமேல்தான் இருந்தது.

இப்போது அந்த வீடு இல்லை. அங்கே நான்கு மாடி எழும்பி எட்டுக் குடும்பம் இருக்கிறது. அப்பா அம்மா இல்லை, மாமியாரும் இல்லை. மரப்பெட்டி மாதிரி இருந்த டிவி போய், சுவரில் மாட்டும் தட்டை டிவி வந்துவிட்டது. எதையும் மேலே போட அதற்குத் தலையே கிடையாது. நான் சானடோரியம், குரோம்பேட்டை என்று சொன்னால் அடிக்க யாரும் இல்லை, ரயிலே தன் வாயால் சொல்லிக்கொண்டு போகிறது.

போன மாதம் கோவிலம்பாக்கம் போயிருந்தேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள், பச்சைத் துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். பீரோவில் ஏதோ தேடச் சொன்னாள், அது கையில் வந்தது. பழுப்பேறி, கழுவிக் கழுவி மெலிந்து போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்த இடத்தைத் தேடினேன். ஓட்டை ஓட்டையாகப் போட்ட துணியில் ஒரு ஓட்டையை எங்கே தேடுவது? வரி எண்ணிப் பார்த்தேன், இரண்டு முறையும் எண்ணிக்கை தவறியது.

"இன்னாடா ரொம்ப நேரமா சத்தமே காணோம், பீரோக்குள்ள பூந்துட்டியா?" என்றாள் அக்கா.

அருகில் போய் அதை அவள் மடியில் வைத்தேன். தொட்டதும் தெரிந்துகொண்டாள். கண் கட்டிய முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டு, மடிப்பைப் பிரித்து, ஓரத்திலிருந்து கையை நகர்த்திக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி, சுண்டுவிரலை வைத்தாள்.